சிறைக்கோட்டமும் துடைப்பமும்

தமிழ் எம்.ஏ. படித்தவர்களுக்கு மணிமேகலையில் எது மறந்தாலும் ஒரு இடம் மறக்காது. காயசண்டிகை உருவத்தில், கையில் அமுதசுரபியோடு, மணிமேகலை சிறைக்கோட்டத்துக்குள் போகிறாள். பசியில் கிடக்கிற கைதிகளுக்குச் சோறு போடுகிறாள். செய்தி சோழ அரசனுக்குப் போகிறது. அவளை அழைத்து, உனக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறான். அவள் பொன் கேட்கவில்லை, நிலம் கேட்கவில்லை. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்று என்கிறாள். அரசனும் மாற்றுகிறான்.

சிறைச் சீர்திருத்தத்தை உலகத்துக்கே சொன்னவன் தமிழன் என்று மேடையில் முழங்குவதற்கு வசதியான இடம். முழங்கவும் செய்கிறார்கள். சொன்னது தமிழன் என்பதைவிடச் சொன்னது ஒரு பவுத்தப் பெண் என்பதுதான் நமக்கு முக்கியம். இன்னொன்றும் உண்டு. அதே காப்பியத்தில் மூன்று காதை தள்ளிப் போனால் அதே மணிமேகலையைக் காவலில் வைக்கிறார்கள். சிறைதான் அறக்கோட்டம் ஆகிவிட்டதே, அவளைப் போட இன்னொரு சிறை எங்கிருந்து வந்தது? இதை வகுப்பில் கேட்டதற்கு எனக்குக் கிடைத்த பதில், "உக்காருப்பா."

கேள்வி மட்டும் உட்காரவில்லை. இருநூறு வருசமாக நம் நாட்டில் கமிட்டி மேல் கமிட்டி போட்டுச் சிறையைத் திருத்தியிருக்கிறார்கள். இன்று தமிழ்நாட்டில் அந்தத் துறைக்குப் பெயரே சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறை. போர்டு மாறிவிட்டது. உள்ளே யார் கையில் துடைப்பம் இருக்கிறது என்று பார்த்தால், சிறை எந்த அளவுக்கு மாறியது என்பது தெரிந்துபோகும்.

2020 டிசம்பரில் சுகன்யா சாந்தா என்ற பத்திரிகையாளர் இந்தியச் சிறைகளில் சாதி எப்படி நடைமுறையில் இருக்கிறது என்று 'தி வயர்' இதழில் எழுதினார். ஆதாரம் எதையும் ரகசியமாகத் தேடி எடுக்கவில்லை. மாநில அரசுகள் அச்சடித்து அலமாரியில் வைத்திருக்கிற சிறைக் கையேடுகளைப் புரட்டிக் காட்டினார், அவ்வளவுதான். மேற்கு வங்கக் கையேட்டில், சோற்றைத் தகுந்த சாதிக் கைதி சமைத்து எடுத்துப் போக வேண்டும். துப்புரவுக்கு மேத்தர், ஹாரி சாதியிலிருந்து ஆள் எடுக்க வேண்டும். சண்டாளர் முதலான மற்றவர்களையும் எடுக்கலாம், வெளியில் அந்த வேலையைச் செய்கிறவர்களாக இருந்தால். ராஜஸ்தானில் சமையலுக்குப் பிராமணரோ போதிய அளவு உயர்சாதி இந்துவோ தகுதியானவர். போதிய அளவு என்றால் எத்தனை முழம் என்று விதியில் இல்லை. உத்தரப் பிரதேசம் 2022இல் புதிதாக வெளியிட்ட கையேட்டில் ஒரு விதி: வெறுங்காவல் தண்டனை பெற்றவனை இழிவான வேலை செய்யச் சொல்லக் கூடாது, அப்படிப்பட்ட வேலை செய்து பழகிய வகுப்பைச் சேர்ந்தவனாக இருந்தாலொழிய. 2022! அரசியல் சாசனம் வந்து 72 வருசம் கழித்து, அதுவும் புதுசாக எழுதிய புத்தகத்தில்.

சுகன்யா சாந்தாவே வழக்குப் போட்டார். 2024 அக்டோபர் 3ஆம் தேதி, தலைமை நீதிபதி சந்திரசூட், நீதிபதிகள் பர்திவாலா, மனோஜ் மிஸ்ரா அமர்வு தீர்ப்புச் சொன்னது. இந்த விதிகள் செல்லாது. சாதி பார்த்து வேலை கொடுப்பது தீண்டாமை, 17ஆம் பிரிவுக்கு விரோதம். மூன்று மாதத்துக்குள் எல்லா மாநிலமும் கையேட்டைத் திருத்த வேண்டும். கைதிப் பதிவேட்டில் சாதிப் பத்தியை எடுக்க வேண்டும். நாடோடிச் சமூகத்தவரைப் பிறவிக் குற்றவாளியாகப் பார்க்கிற வாசகங்களையும் நீக்க வேண்டும். நல்ல தீர்ப்பு. நாம் கொண்டாட வேண்டிய தீர்ப்பு. ஆனால் கொண்டாடியவர்களில் பல பேர், ஏதோ சில மாநிலங்களில் கவனிக்காமல் விட்டுப்போன பழைய வரிகளை நீதிமன்றம் அழித்துவிட்டதாக எழுதினார்கள். அப்படி விட்டுப்போன வரிகள் இல்லை இவை. இந்தியச் சிறையை எழுப்பிய செங்கலே இதுதான். அதைக் காட்டுவதற்காகத்தான் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

மனு சொன்ன தண்டனைகளை இங்கே விரிக்க வேண்டியதில்லை. ஒரே குற்றத்துக்கு ஒருவனுக்கு அபராதம், இன்னொருவனுக்கு நாக்கறுப்பு என்பதை அம்பேத்கர் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக் காட்டியிருக்கிறார். அது பழைய கதை, வெள்ளைக்காரன் வந்து எல்லோருக்கும் பொதுவாகச் சட்டம் போட்டான் என்பது நம்மிடையேகூடப் பரவலாக இருக்கிற எண்ணம். பாதிதான் உண்மை. 1816ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் 11ஆவது ரெகுலேஷன் என்று ஒன்று வந்தது. கிராமத் தலைவருக்குச் சின்னச் சின்ன வழக்குகளில் தண்டிக்கிற அதிகாரம் கொடுத்தது. திட்டினான், லேசாக அடித்தான் என்கிற மாதிரியான வழக்குகள். குற்றம் செய்தவரைப் பன்னிரண்டு மணி நேரம் வரை சாவடியில் அடைத்து வைக்கலாம். ஆனால் அவர் கீழ்ச்சாதியாக இருந்து, இழிவான தண்டனை கொடுப்பது பொருத்தமில்லாதது ஆகாது என்று பட்டால், ஆறு மணி நேரம் வரை தொழுக்கட்டையில் காலை மாட்டி வைக்கலாம். நேரம் பாதிதானே என்று கணக்குப் போடாதீர்கள். ஒருவர் சாவடிக்குள், நாலு சுவருக்குள். இன்னொருவர் ஊர் நடுவில், போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்க்க. யார் கீழ்ச்சாதி, யாருக்கு எது பொருந்தும் என்று முடிவு செய்கிறவர் கிராமத் தலைவர். அவர் எந்தத் தெருக்காரர் என்று நான் சொல்ல வேண்டுமா?

ஆக, தண்டனையை அளக்கிற கோலிலேயே சாதி இருந்தது. கம்பெனியின் சட்டத்தில், கறுப்பு மையில்.

அடுத்தது 1838. மெக்காலே உறுப்பினராக இருந்த சிறை ஒழுங்குக் கமிட்டி அறிக்கை கொடுத்தது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்கு நகல் எழுதிய அதே மெக்காலே. கைதிகளுக்குத் தொழில் கற்றுக்கொடுப்பது பற்றிப் பேசும்போது கமிட்டிக்கு ஒரு கவலை வந்தது. உயர்ந்த சாதிக்காரனைக் கைத்தொழில் செய்யச் சொன்னால் அவனுக்கு ஆயுள் முழுக்க அவமானம். அவனுக்கு மட்டுமில்லை, குடும்பத்துக்கே கொடூரமான தண்டனை. சட்டத்தின் மேல் மக்களுக்குக் கோபம்தான் வரும். இந்தக் கவலையை மூன்று தடவை படித்தேன். வேலை செய்வது ஒருவனுக்குத் தண்டனைக்கு மேல் தண்டனை. அப்படியென்றால் அதே வேலையைப் பிறந்ததிலிருந்து செய்கிறவன், எந்தக் குற்றத்துக்காகத் தண்டனை அனுபவிக்கிறான்? கமிட்டிக்கு அந்தப் பக்கம் கண் போகவில்லை.

1840களில் வடக்கே சில சிறைகளில் எல்லாக் கைதிக்கும் ஒரே இடத்தில் பொதுச் சமையல் என்று கொண்டுவந்தார்கள். அதுவரை கைதிகள் தனித்தனியாகப் பொங்கிச் சாப்பிட்டார்கள். நோக்கம் சமத்துவம் ஒன்றுமில்லை, செலவும் கட்டுப்பாடும்தான். ஆனாலும் கலகம் வெடித்தது. 1855இல் பீகாரில் ஆரா, முசாபர்பூர் சிறைகளில் கைதிகளின் பித்தளைச் செம்பைப் பிடுங்கிக்கொண்டு மண் பாத்திரம் கொடுத்தபோது மறுபடியும் கலகம். தீட்டு எனும் பயம். முசாபர்பூரில் ஊர் சனமே கைதிகளுக்காகத் திரண்டது. செம்பைத் திருப்பிக் கொடுத்தார்கள். இரண்டு வருசத்தில் 1857. அதற்கப்புறம் வெள்ளை அரசாங்கம் சாதி மேல் கை வைக்க நினைக்கவில்லை. சமையலுக்கு இன்ன சாதி, கக்கூசுக்கு இன்ன சாதி என்று கையேட்டிலேயே ஏற்றிவிட்டால் வம்பில்லை. 1894இல் சிறைச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் நிழலில்தான் பின்னால் வந்த கையேடுகள் வளர்ந்தன.

நம் நண்பர்கள் பலர் பூக்கோ படித்துவிட்டுச் சிறை பற்றிப் பேசுவார்கள். நானும் கொஞ்சம் படித்தவன்தான். ஐரோப்பியச் சிறை மனித உடம்பைப் பிடித்து, நேரத்துக்கு எழுப்பி, நேரத்துக்கு வேலை வாங்கி, கண்காணித்துக் கண்காணித்து ஒரே அச்சில் வார்க்கிறது என்கிறார். இருக்கட்டும். நம்மூர்ச் சிறையில் ஒரே அச்சு கிடையாது. உள்ளே வருகிறவன் எந்த அச்சில் வந்தானோ அதிலேயே திரும்ப ஊற்றி இறுக்குவதுதான் வேலை.

இதை எனக்குப் புரியவைத்தது புத்தகம் இல்லை. விழுப்புரம் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு பெரியவர். 1980களில் தேர் தகராறில் காலனிக்காரர்கள் பத்துப் பதினைந்து பேரைப் பிடித்துப்போனபோது அவரும் ஒருவர். எட்டு மாதம் ரிமாண்டு. சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"உள்ள போன ஒடனே பேரு கேட்டான், அப்பன் பேரு கேட்டான். அப்புறம் நீ என்னா ஆளுன்னான். சொன்னேன். அப்ப தொடப்பத்த எடுன்னான். நான் கொத்தனாரு தம்பி. பதினஞ்சு வருசமா கரண்டி புடிச்ச கை இது. தூக்குக்குண்டு வுட்டு நான் எழுப்புன செவுரு எத்தினி ஊர்ல நிக்குது தெரியுமா? எங்கப்பன் பறையடிக்கக் கூடாதுன்னுதான் என்னைய மேஸ்திரிகிட்ட வுட்டாரு. வெளிய நான் வுட்டத உள்ள எடுக்கச் சொன்னான்."

"மாட்டேன்னு சொல்லலையா ஐயா?"

"சொன்னேன். சொன்னதுக்குக் குடுத்தான். காட்டட்டா?"

சட்டையைத் தூக்கப் போனார், நான் வேண்டாம் என்றுவிட்டேன். விசாரணைக் கைதியிடம் வேலை வாங்கக் கூடாது என்பதுதான் சட்டம். அவருக்கு அது அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? வழக்கு கடைசியில் விடுதலையில் முடிந்தது. ஆனால் எட்டு மாதம் கக்கூஸ் கழுவினான் என்பது ஊருக்கு வந்துவிட்டது. அதைச் சொல்லிச் சிரித்தது ஊர்த்தெருக்காரன் மட்டுமில்லை என்றார் பெரியவர். அவருக்கு அதுதான் தாங்கவில்லை.

சீர்திருத்தம், மறுவாழ்வு என்று அறிக்கைகளில் வருகிற சொற்களை இந்த இடத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒருவனிடம் இல்லாத ஒன்றை அவனுக்குக் கொடுத்து அனுப்பினால் அது மறுவாழ்வு. எழுத்து, தொழில், கொஞ்சம் கூலிப்பணம், வெளியே போனால் நிற்க ஒரு இடம். கொத்தனாராக உள்ளே போனவனைத் தோட்டியாக்கி அனுப்பியதற்கு என்ன பெயர் வைப்பது?

திருத்தம் என்பதை இந்தியச் சிறையின் நோக்கமாக முதன்முதலில் அழுத்திச் சொன்னது 1919-20 சிறைக் கமிட்டி. தலைவர் அலெக்சாண்டர் கார்டியூ, சென்னை மாகாணத்தில் பெரிய பதவிகளில் இருந்தவர். தண்டிப்பது மட்டும் சிறையின் வேலை இல்லை, மனிதனைத் திருத்தி அனுப்ப வேண்டும் என்றது கமிட்டி. சென்னை மாகாணம் 1925இல் இளங்குற்றவாளிகளுக்கு பார்ஸ்டல் பள்ளிச் சட்டமும், 1936இல் சிறைக்கே அனுப்பாமல் நன்னடத்தையில் விடும் சட்டமும் கொண்டுவந்தது உண்மை. ஆனால் கமிட்டியின் காரியம் நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1920 ஏப்ரல் 3ஆம் தேதி, உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூரில் கைரேகை வைக்க மாட்டோம் என்ற மக்களைச் சுட்டார்கள். 16 பேர் செத்தார்கள், ஒருவர் பெண். குற்றப் பரம்பரைச் சட்டம். 1871இல் வடக்கே வந்து, 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டப்பட்டது. குற்றம் செய்யத் தேவையில்லை, பிறந்தால் போதும்.

செத்தவர்கள் பிரமலைக் கள்ளர்கள். அந்தச் சாதியோடு நமக்கு இருக்கிற கணக்கு வேறு; அதை மறைத்துக்கொண்டு எழுத வேண்டியதில்லை. ஆனாலும் அந்த 16 பேருக்கும் அழ வேண்டிய கண்ணீர் நம்மிடமும் இருக்கிறது. ஏனென்றால் அதே சட்டத்தின் பட்டியலில் குறவர் இருந்தார்கள். தென்னாற்காட்டில் வேப்பூர்ப் பறையர் என்று ஒரு பெயரே போலீஸ் ஏட்டில் இருந்தது. இவர்களைப் பிடித்து வைத்த இடங்களுக்குச் சிறை என்று பெயரில்லை. செட்டில்மெண்ட், சீர்திருத்தக் குடியிருப்பு. தென்னாற்காட்டில் அஜீஸ் நகர் அப்படி ஒன்று. திருத்துகிறோம் என்று சொல்லிக் குடும்பம் குடும்பமாக அடைத்தார்கள், குழந்தை குட்டியோடு. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல் ரத்தானது. மறு வருசமே, 1948இல், வழக்கமான குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து உட்கார்ந்தது. இந்தியா முழுக்கக் குற்றப் பரம்பரைச் சட்டம் போனது 1952இல். குறவர் வீட்டுக் கதவை நடுராத்திரியில் தட்டுகிற பழக்கம் எந்த ஆண்டு ரத்தானது என்று எவராவது சொன்னால் நல்லது.

சுதந்திரத்துக்குப் பின் வந்தவர்களில் ஒருவரை மட்டும் மரியாதையோடு சொல்ல வேண்டும். நீதிபதி கிருஷ்ணய்யர். 1948இல் தானே ஒரு மாதம் சிறையில் கிடந்தவர். 1957இல் கேரளத்தில் சிறைத்துறையையும் கவனித்த அமைச்சர். அப்புறம்தான் உச்ச நீதிமன்றம். 1977இல் கியாசுத்தீன் வழக்கில், மோசடிக் குற்றத்துக்குத் தண்டனை பெற்ற ஒரு இளைஞனின் தண்டனையைக் குறைத்ததோடு நிற்காமல், அவனுக்கு உள்ளே எப்படிப்பட்ட வேலை கொடுக்க வேண்டும், கூலி கொடுக்க வேண்டும் என்பது வரை எழுதினார். தண்டனை கொடுக்கும் முன் குற்றவாளியின் வாழ்க்கையை விசாரித்துத் தெரிந்துகொள் என்று 1973ஆம் வருச நடைமுறைச் சட்டம் சொன்னதை, நீதிபதிகள் ஒரு சடங்காக்கிவிடக் கூடாது என்பது அவர் கவலை. சடங்காகத்தான் ஆகிவிட்டது. "தண்டனை பற்றி என்ன சொல்கிறாய்?" "குடும்பம் இருக்குதுங்க ஐயா." முடிந்தது விசாரணை. 1980 முதல் 1983 வரை உட்கார்ந்த முல்லா கமிட்டியும் நிறைய நல்லது எழுதியது. தலைவர் ஆனந்த் நாராயண் முல்லா ஒரு உருதுக் கவிஞர் என்பது ஒரு உபரிச் செய்தி. கூலி, கல்வி, விடுதலைக்குப் பின் உதவி, எல்லாம் அதில் இருக்கிறது. சாதித் துடைப்பம் மட்டும் அதற்கப்புறமும் நாற்பது வருசம் கையேட்டில் இருந்தது.

கிருஷ்ணய்யரின் இன்னொரு தீர்ப்புதான் நம் சனங்களுக்கு நேராகத் தொடர்புள்ளது. 1978, மோதிராம் வழக்கு. மத்தியப் பிரதேசத்துக்காரர், ஏழை, அவரும் கொத்தனார்தான். உச்ச நீதிமன்றமே ஜாமீன் கொடுத்துவிட்டது. கீழே மாஜிஸ்திரேட் பத்தாயிரம் ரூபாய்க்குச் சூரிட்டி கேட்டார். அண்ணன் தம்பி வந்து நின்றபோது, உன் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது, செல்லாது என்றார். ஜாமீன் ஏழைக்கு எட்டாத காசாக இருக்கக் கூடாது, மாவட்டம் பார்த்து ஆளைத் தள்ளக் கூடாது என்று கிருஷ்ணய்யர் எழுதினார். எழுதி நாற்பத்தைந்து வருசத்துக்கு மேல் ஆகிறது. இன்றைக்கும் காலனியிலிருந்து ஒரு பையனை ரிமாண்டு செய்தால் முதல் பிரச்சினை வழக்கில்லை, சூரிட்டிதான். வீட்டு வரி ரசீது கேட்பார்கள். புறம்போக்கில் குடிசை போட்டவனுக்கு எந்த ரசீது? பட்டா உள்ளவர் ஊர்த்தெருக்காரர். பல சமயம் வழக்குக் கொடுத்ததே அவர் வகையறாதான். அவரிடம் போய் ஜாமீன் கையெழுத்துக் கேட்பதா?

அதனால்தான் உள்ளே கிடக்கிறவர்களில் பெரும்பாலோர் தண்டனையே பெறாதவர்கள். 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு 76 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2011 கணக்கெடுப்பில் பட்டியல் சாதியினர் நூற்றுக்கு 16.6. சிறைக்குள் சுமார் ஐந்தில் ஒருவர். தண்டனையைச் சீர்திருத்துவது பற்றி எவ்வளவு பேசினாலும் முக்கால்வாசிப் பேருக்கு அது பொருந்தாது, தண்டனை அவர்களுக்கு இன்னும் வரவே இல்லை. தீர்ப்புக்கு முன்னாலேயே அனுபவித்துக்கொண்டிருக்கிறார்கள். 2024 ஜூலை 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்த புதிய நடைமுறைச் சட்டத்தில் 479ஆம் பிரிவு, முதல் முறை வழக்கில் சிக்கியவர் உச்சபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தை உள்ளே கழித்துவிட்டால் வெளியே விடச் சொல்கிறது. ஆயுள், தூக்குக்குரிய குற்றங்களுக்கு இல்லை. நல்லதுதான். ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகை கிடையாதாம். ஒரு கொடிக்கம்பத் தகராறுக்கு நாலு வழக்குப் போடுகிற ஊரில் இருந்து இதைப் படியுங்கள்.

பாளையங்கோட்டைக்கு வருகிறேன். அந்த மத்திய சிறையில் கைதிகளைச் சாதிவாரியாகத் தனித்தனி பிளாக்கில் வைக்கிறார்கள் என்று மதுரைக் கிளையில் வழக்கு வந்தது. நெல்லை, தூத்துக்குடியில் சாதி மோதல் சகஜம், அதனால்தான் பிரித்து வைக்கிறோம் என்றது அரசு. 2014இல் உயர் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. 2024 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இந்த வாதத்தை ஏற்க மறுத்தது. ஒழுங்கைக் காப்பது நிர்வாகத்தின் பொறுப்பு, அதற்குச் சாதிச் சுவர் வழியில்லை என்றது.

எனக்கு இதில் அவ்வளவு சுலபமாகக் கைதட்ட முடியவில்லை. 2021 ஏப்ரலில் அதே சிறைக்குள் ஒரு இளைஞன், விசாரணைக் கைதி, சக கைதிகளால் கொல்லப்பட்டான். பகை உள்ளவர்கள் இருக்கிற இடத்தில் ஏன் கொண்டுபோய்ப் போட்டீர்கள் என்று கேட்டு, உடலை வாங்க மறுத்து, வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள் அவன் ஊர்ச் சனங்கள். அவர்கள் கேட்டது சாதி பிளாக் இல்லை, உயிருக்குக் காவல். சாதி பிரித்து வைத்தே பழகிய நிர்வாகத்துக்குக் காவல் என்றால் சுவர் என்று மட்டுமே தெரியும். யார்மேல் யாருக்கு என்ன பகை என்று ஆளாளாகப் பார்த்துத் தீர்மானிக்க நேரம் வேண்டும், ஆள் வேண்டும், அக்கறை வேண்டும். சுவரை இடிக்கச் சொல்கிற தீர்ப்பு, அந்த ஆட்களை எங்கிருந்து எடுப்பது என்று சொல்லவில்லை.

இப்படி எழுதினால் நம் தோழர்களே ஒரு கேள்வி கேட்கிறார்கள். "குற்றவாளிக்கு மறுவாழ்வுங்கறீங்க, தண்டனையக் குறைங்கறீங்க. வெண்மணியில எரிச்சவனுக்கும் அதானா தோழர்?" நியாயமான கேள்வி. ஒதுக்கிவிட்டுப் போக எனக்கு உரிமையில்லை.

1968 டிசம்பர் 25, கீழவெண்மணியில் 44 பேர் எரிந்தார்கள். 1970இல் நாகப்பட்டினம் நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட சிலருக்குப் பத்து ஆண்டு கொடுத்தது. 1973இல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. நிலமும் காரும் வைத்திருக்கிற கனவான்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்களா என்று நீதிமன்றத்துக்கு நம்ப முடியவில்லை. அதே இரவில் பண்ணையாள் பக்கிரிசாமி கொலையுண்ட வழக்கில் விவசாயத் தொழிலாளிகள் தண்டனை பெற்றார்கள். அங்கே நம்புவதற்குச் சிரமம் இருக்கவில்லை. 1997 ஜூன் 30, மேலவளவு. ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் சென்றவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை. 2008இல் மூன்று பேர் வெளியே வந்தார்கள். 2019 நவம்பரில் 13 பேர், எம்.ஜி.ஆர். நூற்றாண்டுக்கான நன்னடத்தை விடுதலையில். செத்தவர்கள் வீட்டுப் பெண்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, பதினெட்டு வயது தாண்டிய குற்றவாளியை நன்னடத்தைச் சட்டத்தில் விடக் கூடாது என்கிறது. சீர்திருத்தம் பேசுகிற நான் அந்தப் பிரிவு வேண்டும் என்றே சொல்கிறேன். நன்னடத்தைச் சட்டம் குற்றவாளி திரும்பிப் போகிற ஊரை நம்பி எழுதப்பட்டது. ஊர் அவனைக் கண்டிக்கும், திருத்தும் என்ற நம்பிக்கை. வன்கொடுமை செய்தவன் திரும்பிப் போகிற ஊர் அவனுக்கு மாலை போடுகிறது. அந்த ஊர் மாறும் வரைக்கும் 19ஆம் பிரிவு இருக்கட்டும். அதற்காக, தூக்கு வேண்டும், சாகும்வரை அடை என்று கத்துகிற கூட்டத்தில் போய் நிற்க என்னால் முடியாது. தூக்குத் தண்டனைக் கைதிகள் பற்றி டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஆய்வில், நான்கில் மூன்று பேர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். தண்டனையைக் கடுமையாக்கு என்று நாம் கத்தினால் அந்தக் கடுமை சுற்றிச் சுழன்று நம் தெருவுக்குத்தான் வரும். ஆயுள் கைதியை முன்கூட்டி விடுவிப்பதாக இருந்தால் விடட்டும். கட்சித் தலைவர் பிறந்தநாளுக்காக விடாமல், ஒவ்வொரு ஆளையும் தனியாகப் பார்த்து, காரணம் எழுதி, கொல்லப்பட்டவர் குடும்பத்தைக் கேட்டுவிட்டு விடட்டும். மேலவளவுக்கும் அதே விதி, காலனிப் பையனுக்கும் அதே விதி.

இப்போது புதிதாக ஒன்று வந்திருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவில், சின்னக் குற்றங்கள் சிலவற்றுக்குச் சிறைக்குப் பதில் சமூக சேவை ஒரு தண்டனை. ஐயாயிரம் ரூபாய்க்குக் கீழான முதல் திருட்டு, பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால். குடித்துவிட்டுப் பொது இடத்தில் ரகளை. இப்படிச் சில. சிறைக்கு அனுப்பாமல் விடுவது என்ற வகையில் வரவேற்கிறேன். ஆனால் என்ன சேவை? ஆஸ்பத்திரியைக் கூட்டு, தெருவைப் பெருக்கு. நீதிபதிகளுக்குச் சட்டென்று தோன்றுவது இதுதான். உயர்சாதிப் பையன் ஒருவன் பதினைந்து நாள் ஆஸ்பத்திரி கூட்டினால் பத்திரிகையில் நூதனத் தண்டனை என்று போட்டோ வருகிறது. அதே ஆஸ்பத்திரியில் இருபது வருசமாக ஒப்பந்தக் கூலிக்குக் கூட்டுகிற அம்மா அந்தப் போட்டோவில் ஓரமாக நிற்கிறார். அவர் என்ன குற்றம் செய்தார் என்று பத்திரிகை எழுதவில்லை. 1838 கமிட்டியின் கவலை இப்போதும் அப்படியே இருக்கிறது, தேதி மட்டும் வேறு. சமூக சேவை என்றால் படித்தவன் பாடம் சொல்லிக்கொடுக்கட்டும், தொழில் தெரிந்தவன் பள்ளிக்கூடத்துச் சுவரைக் கட்டட்டும். துடைப்பத்தைத் தண்டனைப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

சாதிப் பத்தி பற்றியும் சொல்ல வேண்டும். பதிவேட்டில் அதை எடுக்கச் சொன்ன தீர்ப்பால், குற்ற ஆவணக் காப்பகம் வருசாவருசம் வெளியிடுகிற சாதிவாரிக் கணக்கும் நின்றுபோகுமோ என்று பயந்தோம். அந்தக் கணக்கு இல்லாவிட்டால் ஐந்தில் ஒருவர் என்று நான் மேலே எழுதியதை எழுதியிருக்க முடியாது. அந்தக் கணக்கெடுப்பைத் தீர்ப்பு தடுக்காது என்று உச்ச நீதிமன்றமே பின்னால் விளக்கம் சொன்னது நல்லதாயிற்று. வாசலில் கேட்கக் கூடாது, கணக்கில் மட்டும் தெரிய வேண்டும். இதை எப்படிச் செய்வார்கள் என்று பார்க்க வேண்டும். போன வருசம் ரிமாண்டில் இருந்து வந்த ஒரு தம்பி சொன்னான்: "சாதி கேக்கலண்ணா. ஊரு எது, எந்தத் தெரு, அப்பன் என்ன வேலைன்னு கேட்டாங்க."

நம் சிறைகளில் கைதியைப் பார்க்கப் போவதற்கு மனு என்று பெயர். மனு போட்டாச்சா, மனு எப்ப என்பார்கள். வழக்கறிஞர் தோழர்கள் இரண்டு பேரும் நானுமாக வேறொரு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம், தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ். தமிழ்நாட்டின் ஒன்பது மத்திய சிறைகளுக்கும் ஒரே மாதிரியான கேள்விகள். கழிவறை, சாக்கடை, கொட்டடி கூட்டுவது யார்? கைதிகளா, வெளியாட்களா? கைதிகள் என்றால் யார் எந்த அடிப்படையில் தேர்ந்தெடுக்கிறார்கள்? கூலி எவ்வளவு? விசாரணைக் கைதிகள் அதில் எத்தனை பேர்? சமையல்கட்டில் இருப்பவர்கள் எத்தனை பேர், அவர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர்? 2024 தீர்ப்புக்குப் பிறகு எந்தெந்த விதி திருத்தப்பட்டது, திருத்திய நகலைக் கொடுங்கள். சிறையில் இருந்து வந்தவர்கள், வீட்டு ஆட்கள் உள்ளே இருக்கிறவர்கள், இதில் சேர்க்க வேண்டிய கேள்வி இருந்தால் இதழ் முகவரிக்கு எழுதுங்கள். பெயர் போட வேண்டியதில்லை. பதில் வந்ததும் இதே பக்கங்களில் எழுதுகிறேன்.